எடையில்லாத முத்திரை

1998 டிசம்பர் 11 அன்று, செவ்வாய்க் கோளின் தட்பவெப்பத்தை ஆராய்வதற்காக நாசா ‘மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்’ என்ற விண்கலத்தை ஏவியது. ஒன்பது மாதப் பயணத்துக்குப் பின் 1999 செப்டம்பர் 23 அன்று அது செவ்வாயின் சுற்றுப்பாதைக்குள் நுழைய வேண்டும். கோளின் மறுபக்கம் போன கலத்திலிருந்து அதற்குப் பின் எந்தச் செய்தியும் வரவில்லை. சுமார் 226 கிலோமீட்டர் உயரத்தில் செவ்வாயைக் கடக்க வேண்டிய கலம், ஏறத்தாழ 57 கிலோமீட்டர் உயரம்வரை இறங்கியிருந்தது. 80 கிலோமீட்டருக்குக் கீழே போனால் அது தாங்காது என்பது பொறியாளர்களின் கணக்கு. விசாரணைக் குழு கண்டறிந்த மூலக்காரணம் மிக எளியது. லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனம் எழுதிய தரைக் கட்டுப்பாட்டு மென்பொருள், சிறு உந்துபொறிகள் கலத்துக்குத் தந்த உந்துதலைப் பவுண்டு-விநாடி அலகில் கோப்பில் எழுதியது. அந்தக் கோப்பைப் படித்துப் பாதையைக் கணித்த ஜெட் புரபல்ஷன் ஆய்வகத்தார் அதை நியூட்டன்-விநாடி என்று எடுத்துக்கொண்டார்கள். இரண்டு அலகுகளுக்கும் 4.45 மடங்கு வேறுபாடு. மாதக்கணக்கில் சேர்ந்த அந்தப் பிழை கலத்தை அழித்தது.

பவுண்டு-விநாடியில் சொன்ன எண்ணும் நியூட்டன்-விநாடியில் சொன்ன எண்ணும் கணினியின் நினைவகத்தில் வெறும் தசம எண்கள்தாம். எந்த எண் எந்த அலகில் இருக்கிறது என்ற செய்தி, நிரல் எழுதியவர் மனத்திலும் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஆவணத்திலும் இருந்தது, நிரலுக்குள் இல்லை. ஆவணம் மெட்ரிக் அலகைத்தான் கேட்டிருந்தது. ஆனால் ஆவணத்தைப் படித்துவிட்டு நிரலைத் தடுத்து நிறுத்தும் சக்தி எந்தக் கணினிக்கும் கிடையாது. ஒரு மதிப்பின் பொருளை நிரலுக்குள்ளேயே எழுதிவைத்து, தவறான கலப்பை, நிரலைக் கணினிக்குப் புரியும் மொழிக்கு மாற்றும் கம்பைலரே மறுக்கும்படி செய்ய முடியுமா என்ற கேள்விக்கு, ஃபங்ஷனல் புரோகிராமிங் மொழிகளை உருவாக்கியவர்கள் ஐம்பது ஆண்டுகளாக விடை கண்டுவந்திருக்கிறார்கள். அந்த விடையில் இரண்டு கருத்துகள் பிணைந்திருக்கின்றன. ஒன்று ஃபேன்டம் வகை. மற்றது வகை மறைப்பு. முதலாவது புதுமையாகத் தெரிவதால் அதைப் பற்றியே அதிகம் பேசுகிறார்கள். ஆனால் நம்பத்தக்க உறுதியைத் தருவது இரண்டாவதுதான். மறைப்பு இல்லாத ஃபேன்டம் வகை வெறும் பெயர்ச்சீட்டு.

அடிப்படையிலிருந்து தொடங்குவோம். நிரல்மொழிகளில் ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு வகை உண்டு. ஆங்கிலத்தில் டைப் என்பார்கள். முழு எண், தசம எண், உரை, உண்மை-பொய் ஆகியவை பெரும்பாலான மொழிகளில் காணும் வகைகள். நிரலை ஓட்டுவதற்கு முன்பே கம்பைலர் அதை வரிவரியாகப் படித்து, எண் இருக்க வேண்டிய இடத்தில் உரை இருந்தால் பிழை என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறது. இந்தச் சோதனை எவ்வளவு நுட்பமாக இருக்கும் என்பது, வகைகள் எவ்வளவு நுட்பமாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன என்பதைப் பொறுத்தது. மீட்டரும் அடியும் இரண்டுமே ‘தசம எண்’ என்றால், மீட்டரையும் அடியையும் கூட்டினாலும் கம்பைலர் வாய் திறக்காது. சி மொழியில் ‘டைப்டெஃப்’ என்ற சொல்லைக் கொண்டு தசம எண்ணுக்கு ‘மீட்டர்’ என்றும் ‘அடி’ என்றும் இரண்டு பெயர் வைக்கலாம். படிப்பவருக்கு அது உதவும். கம்பைலருக்கோ இரண்டு பெயரும் ஒரே வகையின் மாற்றுப்பெயர்கள். ஒன்றின் இடத்தில் மற்றதை வைத்தால் மறுப்பில்லாமல் ஏற்கும். பெயர் வைப்பதும் பிரித்துக் காப்பதும் வேறு வேறு வேலைகள்.

பிரித்துக் காக்கும் வேலையை மிகத் தெளிவாகச் செய்துகாட்டியவர் ராபின் மில்னர். கணிதத் தேற்றங்களைக் கணினியின் துணையோடு நிறுவும் ‘எல்சிஎஃப்’ என்ற அமைப்பை அவர் 1970களின் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கினார். நிறுவலின் ஒவ்வொரு படியையும் நினைவகத்தில் வைத்திருக்க வேண்டியிருந்ததால், பெரிய நிறுவல்களில் இடம் தீர்ந்துபோயிற்று. எடின்பரோவுக்கு வந்த பிறகு மில்னரும் அவரது குழுவினரும் வேறு வழி கண்டார்கள். நிறுவலைச் சேமிக்க வேண்டாம். தேற்றத்தை மட்டும் வைத்திருந்தால் போதும். அப்படியானால் கையில் இருக்கும் தேற்றம் முறைப்படி நிறுவப்பட்டதுதான் என்பதற்கு என்ன சாட்சி? ‘தேற்றம்’ என்பதையே ஒரு தனி வகையாக்கி, அதன் உள்ளமைப்பை மறைத்துவிட்டார்கள். மாட்யூல் எனப்படும் ஒரு சிறிய தனி நிரல்பகுதிக்குள் இருக்கும் அனுமான விதிகளால் மட்டுமே அந்த வகையில் ஒரு மதிப்பை உண்டாக்க முடியும். வெளியே இருந்து நிரல் எழுதுபவர் எவ்வளவு தந்திரம் செய்தாலும், விதிகளின் வழியாக அல்லாமல் ஒரு தேற்றத்தை உருவாக்க இயலாது. ஆகவே ஒரு மதிப்பின் வகை ‘தேற்றம்’ என்று இருப்பதே அது நிறுவப்பட்டது என்பதற்குச் சான்று. இந்த அமைப்பை எழுதுவதற்கென்று உருவான மொழிதான் எம்எல். இன்றைய ஓகேமல், எஃப் ஷார்ப், ஹாஸ்கெல் ஆகியவற்றில் அதன் கருத்துகள் வாழ்கின்றன. மில்னருக்கு 1991-இல் கணினியியலின் உயரிய விருதான டூரிங் விருது கிடைத்தது.

இந்த ஏற்பாட்டை ஆய்வகத்துக்குள் அடங்கிய விளையாட்டு என்று நினைத்துவிடக் கூடாது. எல்சிஎஃப் வழியில் வந்த ‘எச்ஓஎல் லைட்’ என்ற நிறுவல் மென்பொருளின் மையம் ஓகேமல் மொழியில் சில நூறு வரிகள்தாம். தேற்றங்களை உண்டாக்கும் உரிமை அந்தச் சில நூறு வரிகளுக்கு மட்டும். அதைச் சுற்றிப் பல்லாயிரம் வரிகள் எழுதலாம். அவற்றில் பிழைகள் இருக்கலாம். அந்தப் பிழைகளால் நிறுவல் தடைபடலாம், ஆனால் பொய்யான தேற்றம் பிறக்காது. கோளங்களை மிக நெருக்கமாக அடுக்குவது எப்படி என்று 17-ஆம் நூற்றாண்டில் கெப்ளர் முன்வைத்த ஊகத்தைத் தாமஸ் ஹேல்ஸ் நிறுவியபோது, அதைச் சரிபார்த்த வல்லுநர்களால் முழு உறுதி சொல்ல முடியவில்லை. எச்ஓஎல் லைட், இசபெல் என்ற இரண்டு மென்பொருள்களில் அந்த நிறுவல் முழுவதும் மீண்டும் எழுதப்பட்டு 2014-இல் முடிந்தது. இரண்டுமே எல்சிஎஃப் குடும்பத்தைச் சேர்ந்தவை. மனிதக் கண்கள் சோர்ந்துபோன இடத்தில் கணித உலகம் நம்பியது, உள்ளமைப்பு மறைக்கப்பட்ட ஒரு வகையை.

வகை மறைப்பு எல்சிஎஃப் குழுவுக்கு மட்டும் தோன்றிய எண்ணம் அல்ல. ஜேம்ஸ் மாரிஸ் 1973-இல், ஒரு மதிப்பை முத்திரையிட்டு வெளியே அனுப்பி, முத்திரையிட்டவர் மட்டுமே பிரித்துப் பார்க்கும்படி செய்யும் வழியை விளக்கினார். அடுத்த ஆண்டு பார்பரா லிஸ்கோவும் ஸ்டீபன் ஜில்ஸும், ஒரு தரவு வகை அதன் உள்ளமைப்பால் அல்ல, அதன்மேல் செய்யக்கூடிய செயல்களால் அறியப்பட வேண்டும் என்று எழுதினார்கள். பிற்பாடு 2008-இல் லிஸ்கோவுக்கும் டூரிங் விருது கிடைத்தது. இந்த மறைப்பின் பொருளை அழகாக விளக்கியவர் ஜான் ரெனால்ட்ஸ். 1983-இல் வெளிவந்த ஆய்வுக்கட்டுரையை அவர் ஒரு கற்பனைக் கதையோடு தொடங்கினார். ஒரு பல்கலைக்கழகத்தில் கலப்பெண்களைப் பற்றி இரண்டு பேராசிரியர்கள் தனித்தனி வகுப்பெடுக்கிறார்கள். ஒருவர் கலப்பெண்ணை இரண்டு மெய்யெண்களின் சோடி என்று வரையறுக்கிறார். மற்றவர் நீளமும் கோணமும் கொண்ட சோடி என்கிறார். கூட்டல், பெருக்கல் போன்ற அடிப்படைச் செயல்களை வரையறுத்த பிறகு வகுப்புகள் இடம் மாறிவிடுகின்றன. ஆனாலும் எந்தப் பேராசிரியர் சொன்னதும் தவறாகவில்லை. ஏனென்றால் வரையறை முடிந்த பிறகு இரண்டு பேராசிரியர்களுமே உள்ளமைப்பைப் பற்றிப் பேசவில்லை, செயல்களைப் பற்றி மட்டுமே பேசினார்கள். மறைப்பைச் சரியாகச் செய்தால், வெளியே இருப்பவர் உள்ளமைப்பைக் கண்டுபிடிக்கவும் முடியாது, அதைக் கெடுக்கவும் முடியாது என்பதைக் கணித முறைப்படி வாதிட ரெனால்ட்ஸ் இட்ட அடித்தளம் அது.

இனி ஃபேன்டம் வகைக்கு வருவோம். பல மொழிகளில் ஒரு வகை இன்னொரு வகையை அளவுருவாக எடுத்துக்கொள்ளும். ‘எண்களின் பட்டியல்’, ‘உரைகளின் பட்டியல்’ என்பவை அப்படி வருபவை. பட்டியலுக்குள் எண்களோ உரைகளோ உண்மையிலேயே இருக்கின்றன. அப்படி இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதுதான் ஃபேன்டம் வகையின் நுட்பம். அளவுருவாக வரும் வகையின் மதிப்பு எதுவும் உள்ளே இல்லாவிட்டாலும் கம்பைலர் அந்த அளவுருவைக் கவனித்துக்கொண்டே இருக்கும். டான் லைஜன், எரிக் மெய்யர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், செவ்வாய்க் கலம் அழிந்த அதே 1999-இல், இந்தப் பெயருடன் இக்கருத்தைப் பயன்படுத்தி ஒரு கட்டுரை எழுதினார்கள். தரவுத்தள வினவல்களை ஹாஸ்கெல் மொழிக்குள்ளேயே எழுத வழி செய்வது அவர்களின் நோக்கம். வினவலில் வரும் கோவைகள் எல்லாம் உள்ளுக்குள் ஒரே அமைப்பில் இருந்தன. எண்ணா, உரையா, உண்மை-பொய்யா என்ற வேறுபாடே அங்கு இல்லை. அந்த அமைப்பின் மேல் ஓர் அளவுருவைச் சேர்த்து, ‘எண்ணைத் தரும் கோவை’, ‘உண்மை-பொய்யைத் தரும் கோவை’ என்று குறித்தார்கள். எண்ணோடு உண்மை-பொய்யைக் கூட்டும் வினவலை யாராவது எழுதினால், தரவுத்தளம் அதைப் பார்த்துப் பிழை சொல்லும்வரை காத்திருக்க வேண்டியதில்லை; நிரல் ஓடுவதற்கு முன்பே கம்பைலர் நிறுத்திவிடும்.

தங்க நகையில் குத்தும் ஹால்மார்க் முத்திரையோடு இதை ஒப்பிடலாம். முத்திரை நகைக்கு எடை கூட்டுவதில்லை. தங்கத்தின் தன்மையை மாற்றுவதுமில்லை. இருந்தும் முத்திரையுள்ள நகையையும் இல்லாத நகையையும் நாம் வேறு வேறாக நடத்துகிறோம். ஃபேன்டம் வகையும் அப்படித்தான். ‘தூரம்’ என்ற ஒரு வகையை எடுத்துக்கொள்வோம். அதனுள் இருப்பது ஒரு தசம எண். அதற்கு ஓர் அளவுரு உண்டு. ஓரிடத்தில் அது ‘மீட்டர்’, இன்னோரிடத்தில் ‘அடி’. கூட்டும் ஃபங்ஷனை, ஒரே முத்திரையுள்ள இரண்டு தூரங்களை மட்டும் ஏற்று அதே முத்திரையுள்ள தூரத்தைத் தருவதாக எழுதிவிட்டால், மீட்டரோடு அடியைக் கூட்டும் வரியைக் கம்பைலர் ஏற்காது. நிரல் ஓடும்போதோ முத்திரையின் சுவடே இருக்காது. ஹாஸ்கெலில் ‘நியூடைப்’ என்று அறிவித்தால் நினைவகத்தில் வெறும் தசம எண் மட்டுமே நிற்கும். ரஸ்ட் மொழி இதற்காகவே ‘ஃபேன்டம்டேட்டா’ என்ற ஒன்றை வைத்திருக்கிறது; அதன் அளவு சுழியம் பைட். சோதனை முழுவதும் கம்பைலரின் காலத்திலேயே முடிந்துவிடுகிறது.

ஹால்மார்க்கை நாம் நம்புவது அதில் பொறித்திருக்கும் குறியின் வடிவத்துக்காக அல்ல. அங்கீகாரம் பெற்ற மையம் மட்டுமே சோதித்துப் பார்த்துக் குத்தலாம் என்ற விதிக்காக நம்புகிறோம். யார் வேண்டுமானாலும் குத்தலாம் என்றால் அந்தக் குறிக்கு மதிப்பே இல்லை. ஃபேன்டம் வகைக்கும் இதே நியதி பொருந்தும். நிரல்மொழிகளே இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. ஓகேமலில் ‘தூரம் என்பது தசம எண்ணுக்கு இன்னொரு பெயர்’ என்று மாட்யூலின் வெளிமுகப்பில் எழுதிவிட்டால், கம்பைலர் அந்தப் பெயரை விரித்துப் பார்க்கும். மீட்டர் முத்திரையுள்ள தூரமும் தசம எண்; அடி முத்திரையுள்ள தூரமும் தசம எண். ஆகவே இரண்டும் ஒன்று என்று முடிவுகட்டி, முத்திரைகளை மதிக்காமல் விட்டுவிடும். அதே வெளிமுகப்பில் ‘தூரம் என்று ஒரு வகை இருக்கிறது’ என்று மட்டும் சொல்லி, அது எதனால் ஆனது என்பதை மறைத்துவிட்டால், மீட்டரும் அடியும் உடனே இரண்டு வேறு வகைகளாகிவிடுகின்றன. மறைத்தது வரையறையின் வலப்பக்கத்தில் இருக்கும் ஒரே ஒரு சொல். பாதுகாப்பு முழுவதும் அந்த மறைப்பில் இருக்கிறது.

ஹாஸ்கெலிலும் இதே பாடம்தான். அங்கே தூரத்தைக் கட்டும் ஆக்கியை மாட்யூலுக்கு வெளியே விட்டுவிட்டால், எவரும் மீட்டர் தூரத்தைப் பிரித்து எண்ணை எடுத்து, அடி என்று புதிய முத்திரை குத்தி அனுப்பலாம். ஆக்கியை உள்ளேயே வைத்துக்கொள்வது முதல் காவல். அதுவும் போதாத ஒரு காலம் வந்தது. 2014-இல் வெளிவந்த ஜிஎச்சி 7.8 கம்பைலரில் ‘கோயர்ஸ்’ என்ற வசதி சேர்ந்தது. ஒரே உள்ளமைப்புள்ள வகைகளைச் செலவில்லாமல் ஒன்றிலிருந்து மற்றதாக மாற்றுவதற்காக வந்த பயனுள்ள வசதி அது. ஆனால் ஓர் அளவுரு உள்ளே எங்கும் பயன்படவில்லை என்றால், அதை எப்படி மாற்றினாலும் பாதகமில்லை என்று கம்பைலர் தானாகவே முடிவு செய்யும். ஃபேன்டம் வகையின் அளவுரு அப்படிப்பட்டதுதானே? ஆக்கி மறைந்திருந்தும், வெளியே இருப்பவர் மீட்டரை அடியாக மாற்ற வழி திறந்துவிட்டது. இதைத் தடுக்க, ‘இந்த அளவுருவை மாற்றக் கூடாது’ என்று அறிவிக்கும் ஒரு வரியையும் அதே கம்பைலர் தந்தது. ஃபேன்டம் வகையை நம்பி லைப்ரரி எழுதுபவர் அந்த வரியை எழுதியே ஆக வேண்டும். மறைப்பில் ஒரு சிறு விரிசல் விழுந்தாலும் முத்திரை பொருளிழந்துவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பயன்பாட்டில் இருக்கும் மென்பொருள்களைப் பார்த்தால் மறைப்பின் அளவுக்கேற்ப உறுதியும் கூடிக் குறைவது தெரியும். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் பக்கங்களைத் திரையில் வரையும் ‘வெப்ரெண்டர்’ ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டது. பக்க அமைப்பின் பிக்சலும் திரையின் பிக்சலும் அங்கே வேறு வேறு முத்திரை பெற்ற எண்கள். கவனக்குறைவாக ஒன்றோடு ஒன்றைக் கலக்க முடியாது. ஆனால் முத்திரை குத்தும் உரிமை அங்கே எல்லாருக்கும் உண்டு. அலகு மாறாட்டத்தைத் தடுக்க அது போதும். அதற்கு மேல் எந்த உறுதியையும் அது தராது. நியூயார்க்கின் ஜேன் ஸ்ட்ரீட் நிறுவனம் ஓகேமலில் எழுதும் லைப்ரரிகளில், ஒரு தரவைப் படிக்க மட்டும் உரிமையா, எழுதவும் உரிமையா என்பதை ஃபேன்டம் வகையால் குறிக்கிறது. இங்கே உள்ளமைப்பு மறைக்கப்பட்டிருப்பதால், படிக்கும் உரிமை மட்டும் பெற்ற நிரல்பகுதி எழுதும் உரிமையைத் தானே எடுத்துக்கொள்ள முடியாது. இணையதளங்களில் பயனர் தட்டெழுதிய உரையை ‘சரிபார்க்காதது’ என்றும், தீங்கான குறிகளை நீக்கிய உரையை ‘சரிபார்த்தது’ என்றும் பிரிக்கும் முறையும் இவ்வகையே. சரிபார்க்கும் ஃபங்ஷன் ஒன்றுக்கு மட்டுமே இரண்டாவது முத்திரையைக் குத்தும் உரிமை என்றால், தரவுத்தளத்துக்கோ பக்கத்துக்கோ போகும் ஒவ்வோர் உரையும் அந்த வாசலைக் கடந்தே போக வேண்டும். எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷன் போன்ற தாக்குதல்கள் பெரும்பாலும் எங்கோ ஓரிடத்தில் அந்த வாசலைக் கடக்க மறந்ததால் நடப்பவை. ஆயிரம் இடங்களில் மறக்காமல் இருக்க வேண்டிய கடமை, ஒரே இடத்தில் சரியாக எழுத வேண்டிய கடமையாகச் சுருங்குகிறது.

இதற்கு எழும் முதல் மறுப்பு அனுபவமிக்க நிரலாளர்களிடமிருந்து வரும். மாறிகளுக்குத் தெளிவான பெயர் வைத்தால் போதாதா, நல்ல சோதனைகள் எழுதினால் போதாதா என்று கேட்பார்கள். பெயரிடும் ஒழுங்கை ஒரு முறையாகவே வளர்த்தவர் சார்ல்ஸ் சிமோனி. மாறியின் பெயர் முன்னொட்டிலேயே அதன் பயனைக் குறிக்கும் ‘ஹங்கேரியன்’ முறை மைக்ரோசாஃப்டில் பரவலாகப் புழங்கியது. அதில் பயன் இருந்தது. ஆனால் பெயரைப் படித்துப் பிழை கண்டுபிடிக்க வேண்டியது மனிதர்தான்; களைத்த மனிதரும் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரும் அதில் அடக்கம். சோதனைகள் இன்னொரு வகையில் குறைபட்டவை. சோதித்துப் பார்த்த மதிப்புகளைப் பற்றியே அவை சாட்சி சொல்லும். சோதிக்காத பாதைகளைப் பற்றிச் சொல்லாது. மறைக்கப்பட்ட வகையோ நிரலின் எல்லாப் பாதைகளையும் பற்றிப் பேசுகிறது. செவ்வாய்க் கலத்தின் குழுவில் திறமைக் குறைவு இல்லை. பாதையில் ஏதோ பொருந்தவில்லை என்பதை வழிகாட்டும் குழுவில் சிலர் கவனித்தும் இருந்தார்கள். கவனித்த மனிதர்கள் இருந்தும் பிழை கடந்து போயிற்று என்றால், மனிதக் கவனத்தை மட்டும் நம்புவது போதாது என்றே பொருள்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. அந்தக் கலத்தை அழித்த எண்கள் ஒரு நிரலிலிருந்து இன்னொரு நிரலுக்குக் கோப்பு வழியாகப் போனவை. கோப்பில் வகைகள் இல்லை; வெறும் இலக்கங்கள்தாம். அப்படியிருக்க, எந்த ஃபேன்டம் வகையால் அதைத் தடுத்திருக்க முடியும்? மறுப்பு நியாயமானது. ஃபேன்டம் வகை இருந்திருந்தால் கலம் பிழைத்திருக்கும் என்று யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் எழுதும் பக்கத்தில் உந்துதல் என்பது அலகோடு கூடிய மறைக்கப்பட்ட வகையாக இருந்திருந்தால், அதைக் கோப்பில் எழுதும் ஃபங்ஷனுக்கு ஒரு நிபந்தனை வைத்திருக்கலாம்: நியூட்டன்-விநாடி முத்திரை உள்ளதை மட்டுமே ஏற்பேன் என்று. பவுண்டு-விநாடியில் கணித்தவர் அந்த வாசலில் கம்பைலரால் நிறுத்தப்பட்டிருப்பார்; மாற்றிவிட்டுத்தான் உள்ளே போயிருப்பார். வகைகள் கோப்பின் எல்லையைத் தாண்டாது என்பது உண்மைதான். எல்லையில் எந்த இடத்தில் மனிதர் கண் வைக்க வேண்டும் என்பதை அவை குறித்துக் காட்டும். நிரல் முழுவதும் பரவிக் கிடந்த நம்பிக்கையை இரண்டே ஃபங்ஷன்களில், படிப்பதிலும் எழுதுவதிலும், ஒடுக்கிவிடும். ஆய்வு செய்பவருக்கு இரண்டு ஃபங்ஷன்களைப் படிப்பதும் இலட்சம் வரிகளைப் படிப்பதும் ஒன்றல்ல.

மூன்றாவது மறுப்பு செலவைப் பற்றியது. ஃபேன்டம் வகைகளால் எழுதிய லைப்ரரியில் பிழை வந்தால், கம்பைலர் சொல்லும் செய்தி நீளமாகவும் புரியாமலும் இருக்கும். எளிய முத்திரைகளால் எல்லாம் முடியாது என்பதும் உண்மை. மீட்டரை விநாடியால் வகுத்தால் வேகம். அதை மீண்டும் விநாடியால் வகுத்தால் முடுக்கம். ‘மீட்டர்’, ‘விநாடி’ என்ற வெற்று முத்திரைகளுக்கு இந்தக் கணக்கு தெரியாது. இதற்கென்றே ஆண்ட்ரூ கென்னடி 1990களில் கேம்பிரிட்ஜில் தம் முனைவர் பட்ட ஆய்வைச் செய்தார். அதன் பயனாக எஃப் ஷார்ப் மொழியில் அலகுகள் கம்பைலருக்கே தெரிந்தவையாக அமைந்தன. பெருக்கினாலும் வகுத்தாலும் அலகு என்னவாகும் என்பதைக் கம்பைலரே கணித்துக்கொள்ளும்; நிரல் ஓடும்போது அலகுகள் மறைந்துவிடும். இன்னொரு குறையும் உண்டு. ஒரு கோப்பு ‘திறந்தது’, ‘மூடியது’ என்று முத்திரை குத்தலாம். ஆனால் மூடிய பிறகும் பழைய ‘திறந்தது’ முத்திரையுள்ள மதிப்பு நிரலில் எங்காவது கிடந்தால், அதைப் பயன்படுத்துவதை ஃபேன்டம் வகை மட்டும் தடுக்காது. ஒரு மதிப்புக்கு ஒரே உரிமையாளர் என்று விதிக்கும் ரஸ்ட் போன்ற மொழியில்தான் அது முழுமையாகத் தடுக்கப்படும். ஆகவே இது எல்லா நோய்க்கும் மருந்து இல்லை. எங்கே பிழை நேர்ந்தால் விலை பெரிதோ, எங்கே ஒரே வடிவத்தில் இரண்டு பொருள்கள் உலவுகின்றனவோ, அங்கே இந்தச் செலவைச் செய்யலாம். இருபது வரி நிரலுக்குத் தேவையில்லை.

கடைசி மறுப்பு இது: மறைக்கப்பட்ட மாட்யூலுக்கு உள்ளே இருப்பவரே தவறு செய்தால்? சரிபார்க்கும் ஃபங்ஷன் சரியாகச் சரிபார்க்காமலேயே முத்திரை குத்தினால்? அப்போது முத்திரை பொய் சொல்லும். கம்பைலர் அதைக் கண்டுபிடிக்காது. வகை மறைப்பு பிழையே இல்லாத நிரலைத் தருவதாகச் சொல்லவில்லை. பிழை இருக்கக்கூடிய இடத்தைச் சிறிதாக்கித் தருகிறது. எச்ஓஎல் லைட்டின் மையத்தில் பிழை இருந்தால் பொய்த் தேற்றம் பிறக்கும் என்பது அதை எழுதியவர்களுக்குத் தெரியும். அதனால்தான் அந்த மையத்தைச் சில நூறு வரிகளில் நிறுத்தினார்கள். அத்தனை சிறிய நிரலை ஒருவர் முழுவதும் படித்து, புரிந்து, விவாதித்து, தேவையானால் அதையே நிறுவவும் முடியும். நம்ப வேண்டியது எவ்வளவு, எங்கே இருக்கிறது என்று தெரிந்து நம்புவதே பொறியியல்.

ஃபங்ஷனல் மொழிகள் நமக்கு எதற்கு என்று கேட்கும் நிரலாளர்களும் இந்தக் கருத்தை எடுத்துக்கொள்ளலாம். ஜாவாவிலும் சி++ இலும் டைப்ஸ்கிரிப்ட்டிலும் அளவுருவுள்ள வகைகளும் உள்ளமைப்பை மறைக்கும் வழிகளும் வெவ்வேறு அளவில் இருக்கின்றன. சி++ மொழியின் 2011 பதிப்பில் வந்த ‘குரோனோ’ லைப்ரரி, விநாடியையும் மில்லி விநாடியையும் வெறும் எண்களாக விடாமல் வேறு வேறு வகைகளாகப் பிரித்திருக்கிறது. ஒரு திட்டத்தில் இதைத் தொடங்கப் பெரிய ஏற்பாடு வேண்டாம். உங்கள் நிரலில் ஒரே வடிவில் உலவும் இரண்டு பொருள்களைத் தேடுங்கள்: ரூபாயும் பைசாவும், வாடிக்கையாளர் எண்ணும் கணக்கு எண்ணும், சரிபார்த்த உரையும் சரிபார்க்காத உரையும். அவற்றுக்கு வேறு வேறு முத்திரை கொடுங்கள். அத்தோடு நின்றுவிட வேண்டாம். அந்த முத்திரையைக் குத்தும் உரிமை எத்தனை பேரிடம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். எல்லாரிடமும் இருந்தால் உங்களுக்குக் கிடைத்தது கவனக்குறைவுக்கு எதிரான ஒரு காவல் மட்டுமே. ஒரே மாட்யூலிடம் இருந்தால், அந்த மாட்யூலை எழுதும் பொறுப்பை உங்கள் குழுவில் மிகப் பொறுமையானவரிடம் ஒப்படையுங்கள்; எழுதியதை இன்னொருவரைக் கொண்டு படிக்கச் செய்யுங்கள்.